கோயமுத்தூருக்குக் கொண்டு போங்க

தரணீதரன்: மறுபடியும் முதல்ல இருந்து. நான் பேஷண்டோட சம்சாரம். நீ டாக்டரு. “ஏனுங்க டாக்டர், எங்கூட்டுக்காரருக்கு எப்படிங்க இருக்குது?”

மோனிஷா: உக்காருங்கம்மா... சாப்டீங்களா?

தரணீதரன்: அடியே, விருந்துக்கா வந்திருக்காங்க? விஷயத்தைச் சொல்லு.

மோனிஷா: அவருக்குத் தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்குதுங்க... கொஞ்சம் சீரியஸுங்க...

தரணீதரன்: “கொஞ்சம்னா... சரியாயிருமுங்களா?”

மோனிஷா: பாக்கலாமுங்கம்மா...

தரணீதரன்: பாத்தியா! அந்தக் ‘கொஞ்ச’த்தைத்தான் அவங்க கெட்டியாப் புடிச்சுக்குவாங்க. நாளைக்குப் பரிச்சையில மார்க் போயிரும்.

மோனிஷா: ம்...

தரணீதரன்: எனக்கு ஜூனியர், பி.ஜி. ரெண்டாம் வருஷம். தொண்டையில ட்யூப் எல்லாம் அசால்ட்டா போடறே. பொழைக்க மாட்டாருன்னு ஒரு வார்த்தை வாயில வரமாட்டேங்குது.

மோனிஷா: எங்கூட்டுல யாரும் அப்படிப் பட்டுனு பேசி வளத்தலீங்கண்ணா.

தரணீதரன்: எங்கூட்டுல மட்டும் வளத்தாங்களா? இன்னொருக்கா. “அவரு பனியன் கம்பெனியில ஓவர்லாக் டைலருங்க. திங்கக்கெழமை வேலைக்குப் போயிருவாருங்களா?”

மோனிஷா: அவங்களும் இதையேதாங்கண்ணா கேட்டாங்க...

தரணீதரன்: எவங்க?

மோனிஷா: ஏழாம் பெட் செங்கோட்டையன் சம்சாரம். இங்க பக்கத்துல மண்ணரை ஊர்க்காரங்க. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்க.

தரணீதரன்: அப்ப நாளைக்குப் பரிச்சை...

மோனிஷா: அடுத்த மாசங்கண்ணா. பொய் சொல்லிட்டேன்.

தரணீதரன்: ஆபரேஷன் பண்ணுனாலும் பிரயோஜனமில்லைன்னு நியூரோ சார் காலையிலயே எழுதிட்டாரே! அந்தம்மாகிட்ட என்ன சொன்னே?

மோனிஷா: கோயமுத்தூருக்குக் கொண்டு போங்கன்னு... அங்க பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டும் எழுதிட்டேன். ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்குது.

தரணீதரன்: மோனிஷா!

மோனிஷா: சொல்ல முடியாதப்ப எல்லாரும் அப்படித்தானுங்களே அனுப்பறோம்? போற வழியிலயாவது ஒரு நம்பிக்கை இருக்குமில்லீங்களா...

தரணீதரன்: அந்தம்மா முன்னாடி, டிரைவர் பக்கத்துல. அவரு பின்னாடி. அவிநாசி தாண்டறதுக்குள்ள மூச்சு நின்னுரும். கையைப் புடிச்சுட்டு உக்காரக்கூட முடியாது.

மோனிஷா: ஐயோ... நான் அதை நெனைக்கவே இல்லீங்கண்ணா...

தரணீதரன்: அழுவாதே. சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு போயி சொல்லு. அவரு பக்கத்துல உக்கார வை.

மோனிஷா: நீங்க சொல்லிருங்கண்ணா. உங்களுக்குத்தான் நல்லா வருது.

தரணீதரன்: எனக்கா?

மோனிஷா: பின்ன? நீங்க ஒருக்காவாவது இப்படி அனுப்பியிருக்கீங்களா?

தரணீதரன்: எங்கம்மாவையே இப்படிச் சீட்டு எழுதி அனுப்புனேன்... வழியிலயே போயிட்டாங்க. அப்பா மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியலை. “நாந்தான் கெளம்பறதுக்கு லேட் பண்ணிட்டேன் கண்ணு, இல்லீன்னா பொழைச்சிருப்பா”ன்னு அவரு இன்னும் அழுதுட்டிருக்காரு... எப்பக் கெளம்பியிருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் நான் சொல்லலை.