நாடா கட்டியவர்களே, கேளுங்கள்

அன்னபூர்ணாவின் அடிவாரத்தையும் கிளிமஞ்சாரோவின் உச்சியையும் கண்டு திரும்பி, அந்தக் களைப்பு தீருமுன்பே இந்த மலைப்பூசைக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் தோ பியோங்ஹூன் அவர்களே! முழங்கால் வலியை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு முதல் வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! விடியுமுன் எழுந்து சோறு வடித்துச் சுருட்டி, நாற்பது பேரின் பசியை முதுகில் சுமக்கும் தாய்மார்களே! வண்ண வண்ணச் சட்டைகளில் வந்திருக்கும் வாலிப நண்பர்களே! மலைச்சாமிக்குப் படையலாக மேசையின் நடுவே வீற்றிருந்து, நம் எல்லோரையும்விட அமைதியாகச் சிரித்துக்கொண்டிருக்கும் பன்றித் தலை அவர்களே! உங்கள் அனைவருக்கும், மலைமீட்புத் தொண்டர் குழுவின் மா கியோங்தே தலைவணங்குகிறேன்.

எனக்கு ஐந்து நிமிடம் தரப்பட்டிருக்கிறது. போன ஆண்டும் ஐந்து நிமிடம்தான். அதற்கு முந்தைய ஆண்டு, மக்கொல்லி அரிசிக்கள் பொங்கி வழிகிறது என்று சொல்லி இரண்டு நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள். இன்று இறங்க மாட்டேன். தலைவர் அவர்களே, ஒலிபெருக்கியை அணைக்க வேண்டுமானால் அணைத்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டுகளாகப் பள்ளத்தாக்குகளில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூவித் தேடியவன் நான். என் தொண்டைக்கு மின்சாரம் தேவையில்லை.

நாம் எப்பேர்ப்பட்ட மனிதர்கள்! பத்தகோனியாவின் பனிக்காற்றில் நின்றவர்கள் நாம். நியூசிலாந்தின் பனியாற்றில் நடந்தவர்கள் நாம். நேபாளத்தின் பாறைப்படிகளில் ஏறியவர்கள் நாம். ஏறியதோடு விட்டோமா? போன இடமெல்லாம் பையிலிருந்து ஒரு சிவப்பு நாடாவை எடுத்தோம். சங்கத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட நாடா. அதை மரத்தில் கட்டினோம். மரமில்லாத இடத்தில் கம்பத்தில் கட்டினோம். கம்பமில்லாத இடத்தில் இன்னொருவர் கட்டிய நாடாவின்மேலேயே கட்டினோம்!

அன்னபூர்ணா போகும் வழியில் ஒரு தேநீர்க் கடை. கூரைக் கம்பில் நம் தலைவர் நாடா கட்டுகிறார். கடைக்கார அம்மாள் வந்து நம் வழிகாட்டியிடம் கேட்டாராம்: "இவரு எந்தச் சாமிக்கு வேண்டிக்கிட்டு இதைக் கட்டுறாரு?"

சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல கேள்வி அல்லவா அது? எந்தச் சாமிக்குக் கட்டுகிறோம்? பின்னால் வருபவனுக்கு வழி காட்டவா? இல்லை, முன்னால் போனவன் நான் என்று பெயர் காட்டவா?

அது இமயமலை, போகட்டும். நம் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வாருங்கள். சோங்வோல் மலைக்கு வாருங்கள். காலையில் ஏறினால் உச்சியில் பகலுணவு தின்றுவிட்டு மாலையில் குளித்துப் படுக்கலாம். அந்த மலைக்கு நாம் எவரெஸ்டுக்குப் போகிற உடுப்பில் போகிறோம், அதுவும் இருக்கட்டும். நாற்பது நிமிடம் ஏறினால் பாதை இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் போனால் உச்சி. இடப்பக்கம் போனால் முந்நூறு அடி நல்ல பாதை, அதற்கப்புறம் சரளை, அதற்கப்புறம் ஓடைப்பள்ளம். இது எனக்குத் தெரியும். தலைவருக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அப்படியானால் அந்த இடப்பக்கக் கிளையில் நாற்பத்தொரு நாடா தொங்குவது எப்படி? சிவப்பு, நீலம், பச்சை, எட்டுச் சங்கத்தின் நாடா! கல்யாண வீட்டுத் தோரணம் போல!

எப்படி என்று நான் சொல்கிறேன். நம் ஆட்கள் பாதையைப் பார்ப்பதில்லை, நாடாவைப் பார்க்கிறார்கள். ஒரு நாடா இருந்தால் அதனருகே தன் நாடாவைக் கட்டுகிறார்கள். இரண்டு இருந்தால் மூன்றாவதை. நாற்பது இருந்தால், "இவ்வளவு பேரா தப்பாக் கட்டியிருப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே நாற்பத்தொன்றாவதை!

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு நான் கத்தரிக்கோலோடு போய் அத்தனையையும் வெட்டி எறிந்தேன். பாராட்டினீர்களா? சங்கத்தின் பெயரை அறுத்துவிட்டான், சங்கத்தின் மானத்தை அறுத்துவிட்டான் என்று குதித்தீர்கள். அடுத்த மலைப்பூசையில், இதோ இந்த மேசைக்கு முன்னால், என்னை மண்டியிட்டு வணங்கி மன்னிப்புக் கேட்க வைத்தீர்கள். இந்தப் பன்றியின் பாட்டனார் அன்று மேசையில் இருந்தார். அவர் முகத்தில் தெரிந்த இரக்கம்கூட உங்களில் ஒருவர் முகத்திலும் இல்லை! மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா? யார் யார் எந்த வரிசையில் உட்கார்ந்து சிரித்தீர்கள் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. ஒரே மாதத்தில் எல்லாம் திரும்பத் தொங்கின. மாவட்ட அலுவலகத்துக்கு ஏழு மனு எழுதினேன். ஏழுக்கும் ஒரே பதில்: "பரிசீலனையில் உள்ளது."

இப்போது அக்டோபருக்கு வருகிறேன். வரத்தானே வேண்டும்?

அக்டோபரில் நம் சங்கம் உச்சிக்குப் போனது. நாற்பது பேர். முன்னால் தலைவர். கடைசியில் சந்தைக்குள் தொடுகறிக் கடை வைத்திருக்கும் நாம்குங் ஒக்சுன் அக்கா. ஏன் கடைசி? கால் மெதுவா? இல்லை. நாற்பது பேருக்கும் உரிய கிம்பாப் சோற்றுச் சுருள்களையும் கிமிச்சி ஊறுகாயையும் முதுகில் சுமந்தவர் அவர். பிரிவுப்பாதையில் நீங்கள் வலப்பக்கம் திரும்பினீர்கள். உங்களுக்கு வழி தெரியும், நாடா தேவையில்லை. கால் மணி நேரம் கழித்து அக்கா வந்தார். அவருக்கு முன்னால் யாருமில்லை. இடப்பக்கம் பார்த்தார். நம் சங்கத்தின் சிவப்பு நாடா. நம் சங்கத்தின் பெயர். தன் சங்கத்தை நம்பினார், திரும்பினார்.

அடிவாரத்தில் மீட்புப் பணியில் இருந்த எனக்குத் தலைவரிடமிருந்து தொலைபேசி வந்தபோது மணி ஒன்றேகால். அந்தப் பேச்சு அப்படியே என் காதில் இருக்கிறது.

"மா தம்பி, கீழ இருந்து கொஞ்சம் பாரேன். சாப்பாட்டுப் பை இன்னும் மேல வந்து சேரல."

"பையை யாருண்ணே தூக்கிட்டு வந்தாங்க?"

"யாரு... இரு, கேட்டுச் சொல்றேன். ஏய், பை யாருகிட்டடா? ஆங், ஒக்சுன் அக்காகிட்ட."

"அக்கா எங்க?"

"அதைத்தான்பா சொல்றேன், பையே வரலன்னு!"

உச்சியில் கூட்டாகப் படம் எடுத்தீர்கள். முப்பத்தொன்பது பேர் அதில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஆள் குறைவது அப்போது தெரியவில்லை. பசித்தபோதுதான் தெரிந்தது. அப்போதும் தேடியது ஆளையா? பையை!

ஓடைப்பள்ளத்தில் அவரைக் கண்டேன். கணுக்கால் முறிந்து, பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பை மடியில், ஒரு சுருள் நசுங்கவில்லை. என்னைப் பார்த்ததும் முதல் பேச்சு என்ன தெரியுமா?

"தம்பி, அங்க எல்லாரும் பசியோட இருப்பாங்க. முதல்ல இதை மேல அனுப்பு. நான் எங்க போயிடப் போறேன்? காலே இல்லையே."

இந்த மனுஷியைத்தான் நவம்பர்க் கூட்டத்தில் என்ன செய்தீர்கள்? வரும் இலையுதிர் காலத்தில் அன்னபூர்ணா போகும் குழுவின் பட்டியலை வாசித்தீர்கள். அவர் பெயரை அடித்திருந்தீர்கள். எட்டு ஆண்டுகளாகக் கடையின் சுவரில் அந்த மலையின் படத்தை ஒட்டிவைத்து, தினமும் அதன் முகத்தில்தான் விழிக்கிறார் அவர். நம் தலைவர் எழுந்து சொன்னார்: "சொந்த ஊரு மலையிலேயே வழி பாக்கத் தெரியாதவங்களை இமயமலைக்கு எப்படிங்க கூட்டிட்டுப் போறது? பொறுப்பு யாரு ஏத்துக்கிறது?" கூட்டம் சிரித்தது. அக்கா ஊன்றுகோலைப் பிடித்தபடி எழுந்து, உங்கள் எல்லோருக்கும் குனிந்து வணங்கி, "தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சிருங்க" என்றார்.

அவர் மன்னிப்புக் கேட்டார்! உங்கள் நாடாவைப் பார்த்து நடந்தவர், உங்களிடம் மன்னிப்புக் கேட்டார்!

என்ன, பின்வரிசையில்? சத்தமாகச் சொல்லுங்கள்... "அப்ப நீ ஏன்யா வாயைத் திறக்கல?" என்கிறீர்களா?

நன்றி, அண்ணே. இருபது ஆண்டுகளில் இந்தச் சங்கத்தில் ஒருவர் என்னைக் கேட்ட முதல் நல்ல கேள்வி இது. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று மேடை ஏறினேன்.

அக்காவை மீட்புக் குழு ஆட்களோடு கீழே அனுப்பிவிட்டு, நான் மட்டும் பிரிவுப்பாதைக்குத் திரும்பினேன். கோபத்தோடு திரும்பினேன். யார் இதைத் தொடங்கியது, எந்தச் சங்கம், எந்தப் பெயர், கண்டுபிடித்து இந்த மேடையில் உரித்துத் தொங்கவிட வேண்டும் என்று திரும்பினேன். நாடாக்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். நாற்பத்தொன்று. அவற்றுக்கெல்லாம் அடியில், மரப்பட்டை பாதி விழுங்கிய நிலையில் ஒரு மஞ்சள் நாடா. அதில் ஒரு சின்ன அலுமினியத் தகடு. ஒன்பது ஆண்டுக்கு முன்பு நான் வெட்டியபோது, தொங்கியதைத்தான் வெட்டினேன். பட்டைக்குள் கிடந்ததைப் பார்க்கவில்லை. இப்போது அழுக்கைத் துடைத்துப் பார்த்தேன். ஆணியால் கீறிய எழுத்து. "மா. 17."

மா. என் குடும்பப் பெயர். என் கையெழுத்து.

சலசலக்காதீர்கள், முழுதும் கேளுங்கள். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு நான் வனத்துறையில் நில அளவையாளன். வலப்பக்கப் பாதைக்குச் சற்றுக் கீழே, பைன் மரங்களின் அடியில், எனக்கு மட்டும் தெரிந்த காளான் இடம் ஒன்று இருந்தது. இந்த ஊரில் அப்படி ஓர் இடம் வைத்திருப்பவன் அதைப் பெற்ற மகனிடம்கூடச் சொல்ல மாட்டான், உங்களுக்கே தெரியும். ஏன் தலையைக் குனிகிறீர்கள்? உங்களில் எத்தனை பேர் மரத்தில் பொய்க்குறி வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவா? செப்டம்பரில் வெளியூர்க் காளான்காரர்கள் வருவார்கள். அவர்களைத் திசைதிருப்ப, அரசு அளவை நாடா ஒன்றை எடுத்து, அரசு தகட்டைக் கோத்து, இடப்பக்கக் கிளையில் கட்டினேன். கை பழகிய பழக்கத்தில் பெயரையும் அளவை எண்ணையும் கீறிவிட்டேன். ஒரு பருவம் முடிந்ததும் அவிழ்க்க நினைத்தேன். புயல் அடித்தது, அதுவே பிய்த்துக்கொண்டு போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

போகவில்லை. அங்கேயே இருந்தது. முதல் சங்கத்துக்காரன் வந்தான், அரசு நாடா என்று நம்பித் தன் நாடாவைக் கட்டினான். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

ஏழு மனு எழுதினேனே, யாருக்கு எதிராக எழுதினேன்? ஒன்பது ஆண்டு உங்கள்மேல் வன்மம் வளர்த்தேனே, யார் செய்த காரியத்துக்காக வளர்த்தேன்? நவம்பர்க் கூட்டத்தில், அக்கா எழுந்து குனிந்தபோது, இரண்டு நாற்காலி தள்ளி நான் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தகட்டைப் பார்த்து முழுதாக ஒரு மாதம் ஆகியிருந்தது. வாயைத் திறக்கவில்லை. உங்களைத் திட்ட எனக்கு ஆயிரம் சொல் வரும்; அன்று என்னைத் திட்ட ஒரு சொல்கூட வரவில்லை. ஐந்து மாதமாக இதை உங்களிடம் மறைத்துவைத்தேன். அக்கா, உங்களைப் பள்ளத்தில் இறக்கியவன் நான். மலை தெரியாதவர் நீங்கள் அல்ல. குறியைக் கண்டீர்கள், குறியை நம்பினீர்கள், நல்ல நடைக்காரர் செய்வதைச் செய்தீர்கள். பொய்க்குறி வைத்தவன் மேடையில் வழிகாட்டி என்று நிற்கிறான்!

ஆனால் நீங்கள் யாரும் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். முதல் நாடா என்னுடையது. மற்ற நாற்பத்தொன்று உங்களுடையதும் உங்களைப் போன்ற மற்றச் சங்கங்களுடையதும். வழி தெரிந்தே கட்டினீர்கள். பனி பெய்த பிறகு இடப்பக்கப் பாதையை அடைத்துக் குறுக்கே ஒரு தடைக்கயிறு கட்டினேன். போன வாரம் போய்ப் பார்க்கிறேன்: அந்தத் தடைக்கயிற்றின்மேல் மூன்று புது நாடா! தடுக்கிற கயிற்றின்மேல், "நாங்களும் வந்தோம்" என்று! இதற்குமேல் நான் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

அடுத்த மாதம் செங்காந்தள் நிறத்தில் மலையெங்கும் அசேலியா பூக்கும். பேருந்து பேருந்தாக வெளியூரார் வருவார்கள். முப்பதாம் ஆண்டு விழாவுக்கு முந்நூறு நாடா அச்சடித்திருக்கிறோம் என்கிறார் தலைவர். முந்நூறு! இன்னும் எத்தனை கணுக்கால் வேண்டும் உங்களுக்கு?

இதோ, இந்தப் பையில் இருபது கத்தரிக்கோல் இருக்கிறது. பன்றித் தலைக்கு முன்னால் வைக்கிறேன். மலைச்சாமியிடம் பாதுகாப்பு வேண்டிக் கிண்ணத்தில் மக்கொல்லி ஊற்றிவிட்டோம், மூன்று முறை விழுந்து வணங்கியும் எழுந்துவிட்டோம். இனி நாமும் கொஞ்சம் வேலை செய்வோம். தலைவர் அவர்களே, இரண்டு காரியம் கேட்கிறேன். அடித்த பெயரை இந்த மேடையிலேயே மறுபடி எழுதுங்கள். எழுதிவிட்டு ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள். குழுவில் இடம் போதவில்லை என்றால், என் பெயரை அடித்து அந்த இடத்தைக் கொடுங்கள். நான் அன்னபூர்ணாவுக்குப் போகத் தகுதி இல்லாதவன்.

கொஞ்சம் பொறுங்கள். அக்கா எழுந்திருக்கிறார். உட்காருங்கள் அக்கா, கால்... சரி. ஒலிபெருக்கியை அவர் பக்கம் திருப்புகிறேன்.

"மா தம்பி, உன்னைத் திட்டணும். வீட்டுக்குப் போய் நிதானமா யோசிச்சுத் திட்டுறேன். தலைவரே, என் பேரை எழுதுங்க, எழுத்து பெருசா இருக்கட்டும். இப்ப மலைக்குப் போலாம், நாப்பது நிமிஷம் என்னால நடக்க முடியும், டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா ஒண்ணு. முன்னாடி தலைவரும் வேணாம், நீயும் வேணாம். நான் போறேன். எல்லாரும் என் பின்னாடி வாங்க. அந்தத் தகட்டை நான்தான் பிடுங்குவேன். ஆங், சாப்பாட்டுப் பையை இன்னிக்கு வேற யாராச்சும் தூக்குங்க."

கேட்டீர்களா? நான் தூக்குகிறேன், அக்கா.

தலைவர் பேனாவைத் தேடுகிறார். என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள், தலைவரே. பெரிய எழுத்தில்.

ஐந்து நிமிடம் கேட்டு அரைமணி எடுத்துக்கொண்டேன். பொறுத்தவர்களுக்கு நன்றி, பொறுக்காதவர்களுக்கும் நன்றி, கேள்வி கேட்ட பின்வரிசை அண்ணனுக்குத் தனி நன்றி. இருபது ஆண்டுகளில் இந்த மலையில் பலமுறை உங்களுக்கு முன்னால் நடந்தவன், இன்று நாற்பது பேரின் சோற்றை முதுகில் கட்டிக்கொண்டு கடைசி ஆளாக நடக்கப்போகிறேன். இனி உச்சியில் படம் எடுக்கும்போதெல்லாம் தலைகளை எண்ணிக்கொள்ளுங்கள். வணக்கம்.