ஆறு மணி அரிப்பு

— வாயில ஊசியைக் கவ்விக்கிட்டுப் பேசினா ஒண்ணும் புரியல டெய்லரம்மா. எடுத்துட்டுச் சொல்லுங்க.

— எடுத்துட்டேன். காது அரிப்பு எப்படி இருக்குன்னு கேட்டேன். அதுக்கு ஏண்ணே என் மூஞ்சியையே உத்துப் பாக்குறீங்க?

— அரிப்பா? இருக்கு. அது எங்க போகும்.

— பாவம். இந்த வெயில்ல குல்லாவை வேற காது மூடற வரைக்கும் இழுத்து விட்டிருக்கீங்க. உள்ள புழுங்காதா?

— காத்துப் பட்டா அரிப்பு ஜாஸ்தி. நீங்க பையைத் தைங்க. காது மெஷின் ரெண்டும் உள்ள போகணும். மேல சுருக்குக் கயிறு.

— துணி அண்ணியோடதுதானே? இந்த நீலப் பூவை நான் எங்கயோ பாத்திருக்கேன்.

— அவதான் காலையில வெட்டிக் கொடுத்தா.

— மெஷினைக் கழட்டிக் காட்டுங்க, அளவு எடுத்துக்கறேன்.

— ரெண்டு மொச்சைக்கொட்டை அளவு. உங்க கண்ணுக்குத் தெரியாத அளவா?

— அதுவும் சரி. ஆனா கேளுங்க, நான் யார் விஷயத்துலயும் தலையிடறதில்ல. காது மெஷின் கடைப் பொண்ணு போன வாரம் கோட்டுக்குப் பித்தான் வெக்க வந்தா. பேச்சோட பேச்சா உங்க காதைப் பத்தி விசாரிச்சேன்.

— என் காதைப் பத்தி.

— ஒரு அக்கறைதான். நாலு மாசம் முன்னாடி நீங்க அவகிட்டப் போனப்போ காதுக்குள்ள செவசெவன்னு இருந்துச்சாம். உள்ள நிக்கிற அந்த அச்சு ரொம்ப இறுக்கமாம். போதாததுக்கு நீங்க குளிச்ச ஈரத்தோட மாட்டிக்கிறது, அரிச்சா எண்ணெய் விடறது, அப்பவும் அடங்கலேன்னா அண்ணியோட கொண்டை ஊசியை விட்டு நோண்டறது. டாக்டர்கிட்ட அனுப்பிச் சொட்டு மருந்து வாங்க வெச்சு, அச்சையும் மெத்துனு வேற தினுசுல மாத்திக் கொடுத்தாளாம். காது நல்லாக் காஞ்சப்புறம்தான் மாட்டணும், படுக்கும்போது கழட்டித் துடைச்சு வெக்கணும், எண்ணெயும் ஊசியும் அந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு திட்டி அனுப்பினாளாம்.

— திட்டினா. சரிதான்.

— மூணே வாரம். அரிப்பு சுத்தமா நின்னுபோச்சுன்னு நீங்களே போய்ச் சொல்லிட்டு வந்தீங்களாமே.

— அந்தப் பொண்ணு நிறையப் பேசுது.

— அப்போ தினம் ஆறு மணியானா ‘அரிக்குது, அரிக்குது’ன்னு ரெண்டு காதையும் சொறிஞ்சு, மெஷினைக் கழட்டி ஜன்னல்ல வெக்கிறீங்களே. அது என்ன அரிப்பு?

— நான் எத்தனை மணிக்குக் கழட்டறேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— என் பின் ஜன்னல் உங்க கூடத்தைப் பாத்துத்தானே இருக்கு. கண்ணை மூடிக்கிட்டா தைக்க முடியும்?

— தைச்சாத்தானே. சுவர்ல சாஞ்சு உக்காந்தா உங்க தையல் மெஷின் ஓடறது என் முதுகுல தெரியும். முன்னெல்லாம் எட்டு மணி வரைக்கும் ஓடும். இப்ப ஆறடிச்சா நின்னுடுது.

— கண்ணுக்கு ஓய்வு வேணும்ல.

— காதுக்கு வேலை கொடுத்துட்டு.

— கேலி இருக்கட்டும். நீங்க கழட்டி வெச்சதும் அண்ணி உங்க எதிர்ல வந்து உக்காந்து, துணி மடிச்சுக்கிட்டே பேச ஆரம்பிக்கிறாங்க. ஒரு மணி நேரம். பொண்டாட்டி தொணதொணப்புக்குத் தப்பிக்க இது ஒரு தந்திரம்னுதான் நான் முதல்ல நினைச்சேன். நாலு பேர்கிட்ட சொல்லிச் சிரிக்கக்கூடச் செஞ்சேன்.

— நாலு பேர்தானா?

— ஏழு. அப்புறம் ஒரு நாள் அவங்க பேசறது சரியாக் காதுல விழுந்துச்சு. அதுலேர்ந்து சிரிப்பு வரல. யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. என் வாயைப் பத்தி உங்களுக்குத் தெரியும், மூணு வாரமா நெஞ்சுல கல்லு மாதிரி கிடக்கு. அது தொணதொணப்பு இல்லண்ணே. ஒரே ஒரு நாள் மெஷினை மாட்டிக்கிட்டு உக்காந்து கேளுங்க. ஏதோ ஒரு கடுதாசி விஷயம்…

— நூலகத்துலேர்ந்து வந்த கடுதாசி.

— என்னது?

— எனக்கு வேலை கிடைச்சிருக்குன்னு வந்த கடுதாசி. வேற ஊர். அப்போ அவ அம்மா படுத்த படுக்கை. விட்டுட்டு வர மனசில்லாம, என் கண்ணுல காட்டாம அடுப்புல போட்டுட்டா. நான் மில்லுலயே முப்பத்தாறு வருஷம் தறிக்கு நடுவுல நின்னேன். காது போனது அந்தச் சத்தத்தாலதான்னு டாக்டர் சொன்ன அன்னிலேர்ந்து அவளுக்குச் சோறு இறங்கல. புத்தகத்துக்கு நடுவுல உக்காந்திருக்க வேண்டிய மனுஷனை நான்தான் செவிடாக்கிட்டேன்னு அழறா. இதுதானே?

— அப்போ கழட்டற மாதிரி நடிக்கிறீங்க.

— இல்ல, கழட்டத்தான் செய்யறேன். கழட்டினா இடி விழுந்தாலும் கேக்காது.

— பின்ன எப்படி?

— மில்லுல எங்க தறிக்கூடத்துல நூத்தியிருபது தறி ஓடும். பக்கத்துல நிக்கறவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேக்காது. அங்க எல்லாருக்கும் வாயசைவுதான் பேச்சு. அந்தக் கோடியில மேஸ்திரி திட்டறது இந்தக் கோடியில புரியும்.

— இது அண்ணிக்குத் தெரியாதா?

— அவ மில்லுக்குள்ள வந்ததில்ல. வீட்டுல எப்பவும் ஏதாவது வேலை செஞ்சுக்கிட்டு, முதுகைக் காட்டித்தான் பேசுவா. எதிர்ல உக்காந்து முகம் பாத்துப் பேசறது இந்த நாலு மாசமாத்தான்.

— இருங்க. இவ்வளவு நேரமா என்கிட்ட வாயடிக்கிறீங்களே, அப்போ மெஷின்…

— சட்டைப் பையில. இதோ. உங்க தையல் மெஷின் சத்தம் அதுக்குள்ள இடி மாதிரி விழும், அதான் வாசல்லயே கழட்டிட்டேன். இப்ப அளவு எடுத்துக்கோங்க.

— அப்போ தெருவுல உங்க எதிர்லயே நின்னு நாங்க பேசினதெல்லாம்?

— என் நடையைப் பத்திச் சொன்னது உட்பட.

— அதை விடுங்க. அரிப்பு போனதுமே, ‘எல்லாம் தெரியும், எனக்குக் கோபம் இல்ல’ன்னு சொல்லித் தொலைச்சா என்ன?

— வாயெடுத்தேன். இனிமே கழட்ட வேண்டாம்னு நான் சொன்னா, அந்த ஒரு மணி நேரம் அவளுக்குப் போயிடும். ஒட்டுக்கேட்டேன்னு தெரிஞ்சா மறுபடி முதுகைக் காட்டிக்கிட்டு அடுப்பைத் துடைப்பா. அந்தப் பயம்.

— உங்களுக்கு எதிர்ல ஒரு முகம் வேணும்ங்கறதுக்காக அந்த முகம் தினம் அழணுமா?

— சரிதான்.

— என்ன சரிதான்? நேத்து அண்ணி துணியைக் கீழ வெச்சுட்டு, உங்களையே பாத்து, ‘என் மேல கோபமா?’ன்னு கேட்டாங்க. நீங்க பாட்டுக்குக் காதைச் சொறிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. ஜன்னல் வழியா கையை விட்டு நறுக்குனு ஒரு குட்டு வெக்கலாம்னு இருந்துச்சு எனக்கு.

— அதுக்கு முந்தின நொடியை நீங்க கவனிக்கல டெய்லரம்மா. அவ கேட்டதும், என்னை மீறி, இல்லேன்னு தலை ஆடிடுச்சு. அதை மறைக்கத்தான் காதைச் சொறிஞ்சேன்.

— அண்ணி பாத்துட்டாங்களா?

— நேத்து ஒண்ணும் சொல்லல. காலையில இந்தத் துணியைக் கையில கொடுத்து, பை தைச்சுட்டு வாங்க, சாயங்காலம் பேசலாம்னா.

— அவ்வளவுதானா?

— மெஷின் ரெண்டு காதுலயும் இருந்துச்சு டெய்லரம்மா. எதிர்ல நின்னு, என் முகத்தைப் பாத்து, வாயை மட்டும் அசைச்சா. சத்தமே வரல. அதனால இன்னிக்கு ஆறு மணிக்கு நீங்க தாராளமா தைக்கலாம்.