பாலைவனத்துல கப்பலை எங்க கட்டுறது?

பாலைவனமாம்ண்ணே, பாலைவனம்! நாங்க இங்க வாயைப் பொளந்துக்கிட்டு காத்துக் கெடக்கோம், கம்பெனிக்காரன் நேத்து நெட்டுல வந்து மணலு, ஒட்டகம்ங்கிறான்… போனைக் குடுங்க, கண்ணாடி ஒட்டிரலாம். இந்தப் பகடை எதுக்குன்னு கேட்டீங்கல்ல? உக்காருங்க, சொல்றேன்.

இது மேசையச் சுத்தி உக்காந்து கதை வெளையாடுறது. கதை சொல்றவன் நான். மத்தவங்க ஆளுக்கொரு வேசம்… ஒருத்தன் வீரன், ஒருத்தி மந்திரக்காரி. பகடை விழுறதப் பொறுத்து பொழைப்பாங்க, இல்லன்னா மவுத்து. கதை நடக்குற நாட்டை கம்பெனிக்காரன் புஸ்தகமாப் போடுவான். அரே, சூதாட்டம் இல்லண்ணே! எங்க வாப்பாவும் இப்படித்தான் மொறைச்சாரு.

அடுத்த புஸ்தகத்துக்கு போன வருசம் ஒரு படம் விட்டான். என்ன படம்? நீலக் கலரு, ஓரத்துல ஒரு மரம். அம்புட்டுதான்! லம்பா லைன் ஏரியாவுல ராபின்னு ஒருத்தன், எங்க செட்டுதான், அந்த மரத்தைப் பெருசாக்கிப் பாத்துட்டு, "தென்னைதான், தீவுதான், பக்கா நம்ம அந்தமான்தான்"ங்கிறான். எங்கயோ வெளிநாட்டுல படம் வரையுறவனுக்கு நம்ம நெனப்புல தூக்கமே வரல பாருங்க! மெயின்லேண்டுக்காரனே இங்க வர பாஸ்போர்ட் வேணுமான்னு கேக்குறான்.

ஷிபான்னு ஒரு புள்ள, ஷாதிபூர்ல டீச்சரு, நல்லாப் படிச்ச புள்ள. வண்டூர் பீச்சு முதலைதான் பெரிய அரக்கனா வரும்னு சத்தியம் பண்ணுது. பைசல் அதுக்கும் மேல. அந்த முதலை எத்தனை வெட்டுல சாகும்னு கணக்கே போட்டுட்டான். கணக்கு தப்புன்னு ரெண்டு பேருக்கும் சண்டை, பேச்சு வார்த்தை இல்ல. வராத புஸ்தகத்துல இல்லாத முதலைக்கு! இங்க நெட்டு நல்லா வந்தாலும் வந்துச்சு, இதான் பொழப்பு.

இருங்கண்ணே, எங்க எந்திரிக்கிறீங்க? தூசி மாட்டிருச்சு, திரும்ப உரிக்கணும்.

நேத்து பாலைவனம்னு வந்ததும் எல்லாம் என் மேல பாயுது. அரே, மணலை நானா கொட்டுனேன்? குரூப்புல ராபின் எழுதுறான், "சுஹைப் பாய், எங்களை எப்ப எறக்கி விடப் போறீங்க?"ன்னு. கொழுப்பு! எறக்குறதுன்னா… அது வந்து… கப்பலு.

இல்லண்ணே, எப்படியும் தீவுதானே வரப் போகுது, கதையில இருந்த பழைய நாடு எதுக்குன்னு நெனச்சேன். எரிச்சுட்டேன். ராஜா, கோட்டை, சந்தை, ஒண்ணு விடல. ஆளுங்களை மட்டும் கப்பல்ல ஏத்திட்டேன். புஸ்தகம் வந்ததும் நேரா தீவுல எறக்கிரலாம்னு ஒரு பிளானு.

கப்பல்ல என்ன செஞ்சாங்களா? நீங்க சென்னைக் கப்பல்ல பங்க் கிளாஸ்ல, அடுக்குப் பர்த்துல படுத்துக்கிட்டுப் போனதில்லையா? அதான் செஞ்சாங்க. சோத்துக்கு லைன் நின்னாங்க, வாந்தி எடுத்தாங்க. ஞாயித்துக்கெழமையானா நான் பகடைய உருட்டி இன்னிக்கு அலை எப்படின்னு சொல்லுவேன். அம்புட்டுதான். "கரை எப்ப வரும்"னு ஷிபா கேக்கும். "புஸ்தகம் வரட்டும்"பேன். மாசக்கணக்கா, அதே கடலு! ஒவ்வொருத்தரா வர்றத நிறுத்திட்டாங்க. அவன் சொல்றான், இவன் சொல்றான்னு எரிச்சது நான்தானே… சரி, அத விடுங்க.

இப்ப எல்லாரும் ராபின் வீட்டுல வெளையாடுறாங்க. அவனே சொந்தமா ஒரு தீவு எழுதிட்டானாம்ண்ணே. தென்னை இருக்காம், முதலை இருக்காம். கம்பெனியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்! பகை பாராட்டுன ஷிபாவும் பைசலும் சேந்து முதலை அடிக்கிறாங்களாம். வயிறு எரியுது. அத்தனை பேரையும் தேடிப் பிடிச்சு வெளையாடக் கத்துக் குடுத்தவன் நான். அல்லாவே, இப்ப ஒட்டகத்துக்கு நடுவுல அந்தக் கப்பலை நான் எங்க கொண்டுபோய் கட்டுவேன்?

நீங்க ஞாயித்துக்கெழமை சும்மாதானே இருப்பீங்க? வாங்களேன். கப்பலே காலி, எந்த பர்த்து வேணாலும் படுத்துக்கலாம்… இந்தாங்க, போன் ரெடி. என்னண்ணே?

ராபின் வீடு லம்பா லைன்ல எந்தப் பக்கம்னா கேக்குறீங்க?