நாற்காலியைத் தூக்கச் சொன்னது யார்

மாமியார்: ...அதைத்தான் நானும் சொல்றேன். உள்ளே கூப்பிட்டா நீ முதல்ல போ. நான் பின்னாடியே வர்றேன்.

மருமகள்: ஏன் அத்தை? நேத்து வரைக்கும் நீங்கதானே முன்னாடி நின்னீங்க. ‘குழுத் தலைவர்’னு அட்டை எழுதி நெஞ்சுல குத்திக்கிட்டு.

மாமியார்: அந்த அட்டை கழண்டு போச்சு.

மருமகள்: எப்போ?

மாமியார்: இப்பத்தான்... பிரின்சிபால் ரூம் போர்டைப் பாத்ததும்.

மருமகள்: மெதுவா பேசுங்க. அட்டெண்டர் இங்கதான் வர்றார்.

அட்டெண்டர்: பிசினஸ் படிப்பு, முதல் வருஷம்... நீங்க ரெண்டு பேருமா?

மருமகள்: ஆமாங்க.

அட்டெண்டர்: அம்மாவும் பொண்ணுமா?

மாமியார்: மாமியாரும் மருமகளும்.

அட்டெண்டர்: ஒரே கிளாஸா?

மருமகள்: ஒரே பெஞ்சு.

அட்டெண்டர்: ...உக்காருங்க. தண்ணி வேணும்னா அந்த மூலையில இருக்கு. ஐயா போன்ல பேசிட்டிருக்கார்.

மாமியார்: கோவமா பேசறாரா?

அட்டெண்டர்: நின்னுக்கிட்டுப் பேசறார்.

மாமியார்: போச்சு... உக்காந்துக்கிட்டுக் கோவப்படறவங்களையாவது நம்பலாம்.

மருமகள்: அவர் போயிட்டார். சரி அத்தை, உள்ள என்ன சொல்றதுன்னு முடிவு பண்ணுவோம். கை தூக்கி ஓட்டுப் போடலாமா?

மாமியார்: ரெண்டு பேர் இருக்கோம். என்னத்த ஓட்டு? நேத்தும் இதையேதான் பண்ணின. மேடம் நமக்குக் கொடுத்தது என்ன வேலை? ‘தலைமைப் பண்பு பாடம் முடிஞ்சது, இப்ப செய்முறை. இருபது பேரை வெச்சு, பழைய சாப்பாட்டு ஹால்ல இருக்கிற எண்பது நாற்காலியை ஆடிட்டோரியத்துக்குக் கொண்டு போங்க.’ அவ்வளவுதானே. அதுக்கு எத்தனை ஓட்டு?

மருமகள்: மூணுதான்.

மாமியார்: இடது கதவா வலது கதவான்னு ஒண்ணு.

மருமகள்: அது பத்துக்குப் பத்து ஆயிடுச்சு. அதனால ரெண்டாவது ஓட்டு.

மாமியார்: மூணாவது?

மருமகள்: ஓட்டுப் போடணுமா வேணாமான்னு.

மாமியார்: கடவுளே.

மருமகள்: நீங்க மட்டும்? தையல் ஃபேக்டரியில முப்பது வருஷம் சூப்பர்வைசர்னா, இங்கேயும் விசில் ஊதணுமா?

மாமியார்: விசில் சத்தம் கேட்டா நூறு தையல் மிஷின் ஒண்ணா ஓடும்.

மருமகள்: இங்க இருபது பேர் ஒண்ணா ஓடினாங்க. வெளியில.

மாமியார்: ஓடினவங்க திரும்பி வந்தாங்க இல்ல?

மருமகள்: பை எடுக்க.

மாமியார்: ...சரி, பழங்கதையை விடு. கடைசியில வேலை நடந்துதா இல்லையா? எண்பது நாற்காலி, பத்து நிமிஷம். வரிசை பிசகாம, தீப்பெட்டி அடுக்கின மாதிரி.

மருமகள்: நடந்துது. ஆனா பரீட்சை ஹால் நாற்காலி.

மாமியார்: ம்.

மருமகள்: மூணு மணிக்குப் பரீட்சை. அறுபது பேர் பேனாவும் கையுமா வந்து நிக்கிறாங்க. உள்ள போனா கூட்டிப் பெருக்கின கல்யாண மண்டபம் மாதிரி காலி.

மாமியார்: உடனே திருப்பிக் கொண்டு போய்ப் போட வேண்டியதுதானே?

மருமகள்: ஆடிட்டோரியத்தையும் சாப்பாட்டு ஹாலையும் பூட்டிக்கிட்டு, விழாவுக்கு வந்த அலங்காரக்காரர் ரெண்டு சாவியோட ஊருக்குப் போயிட்டார் அத்தை. பரீட்சையே திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போயிடுச்சு.

மாமியார்: அந்த அறுபதுல நம்ம வீட்டுப் பிள்ளையும் ஒண்ணு. ஏழாவது தடவை எழுதறான் அந்த அக்கவுண்ட்ஸ் பேப்பரை.

மருமகள்: இதான் கடைசி வாய்ப்பு. இதுலயும் போச்சுன்னா அவர் டிகிரியே போச்சு. ஆபீஸ்ல வேலையும் நிரந்தரம் ஆகாது. மூணு மாசமா லைப்ரரியே கதின்னு கிடந்தார்... அவர் நாற்காலியை நாமளே உருவிட்டோமே.

மாமியார்: ராத்திரி சோகமாத்தான் இருந்தான். 

மருமகள்: சோகத்துல மூணு தட்டு சாப்பிட்டார்.

மாமியார்: துக்கம் தொண்டையை அடைச்சா சிலருக்குப் பசிக்கும்... சரி, நம்ம விஷயத்துக்கு வா. அறிக்கையில நீ என்ன எழுதிக் கொடுத்த?

மருமகள்: நீங்க முதல்ல சொல்லுங்க.

மாமியார்: ‘நான் ஒரு பார்வை பார்த்தேன். வேலை நடந்தது.’

மருமகள்: அவ்வளவுதானா?

மாமியார்: பார்வையைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன். நீ?

மருமகள்: ‘அனைவரையும் கலந்து பேசினேன். ஒருமித்த கருத்து உருவானது. நாற்காலிகள் நகர்ந்தன.’

மாமியார்: தானா நகர்ந்த மாதிரி இருக்கு.

மருமகள்: இப்ப அதுதான் வினை. ரெண்டு அறிக்கையும் பிரின்சிபால் மேஜையில இருக்காம். ரெண்டுலயும் ‘இந்த வேலை முழுக்க முழுக்க என் தலைமையால் நடந்தது’ன்னு கையெழுத்தோட இருக்கு.

மாமியார்: ஏண்டியம்மா... உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காத.

மருமகள்: கேளுங்க.

மாமியார்: பரீட்சை ஹால்ல இருந்து எடுங்கன்னு நீ ஏன் சொன்ன?

மருமகள்: நானா? நீங்க சொன்னீங்கன்னுல்ல நினைச்சேன்.

மாமியார்: நான் எப்படிச் சொல்வேன்? நான் அங்கயே இல்...

மருமகள்: என்னது?

மாமியார்: ஒண்ணுமில்ல.

மருமகள்: ‘அங்கயே இல்’லுன்னு ஆரம்பிச்சீங்களே. முடிங்க அத்தை.

மாமியார்: ...முட்டி வலி. விசில் ஊதி ஊதி மூச்சும் வாங்குச்சு. லைப்ரரியில போய் அஞ்சு நிமிஷம் உக்காந்தேன்.

மருமகள்: அஞ்சு நிமிஷமா?

மாமியார்: தூங்கிட்டேன். லைப்ரரிக்காரம்மா தட்டி எழுப்பினப்ப நாற்காலி எல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு. சரி, மருமக சாதிச்சுட்டான்னு நினைச்சேன். வயித்தெரிச்சலாயிடுச்சு. அதான்... பார்வை, அது இதுன்னு எழுதிட்டேன்.

மருமகள்: அத்தை.

மாமியார்: திட்டணும்னா வீட்டுல வெச்சுத் திட்டு.

மருமகள்: நானும் இல்ல.

மாமியார்: எங்க இல்ல?

மருமகள்: மூணாவது ஓட்டு முடிஞ்சதும் அழுகையா வந்துது. கேன்டீனுக்குப் போய் ஒரு கேக் சாப்பிட்டேன்.

மாமியார்: ஒண்ணா?

மருமகள்: ...ரெண்டு. திரும்பி வந்தா வேலை முடிஞ்சிருக்கு. அத்தை ஒரு அதட்டுல முடிச்சுட்டாங்க, ஆயுசுக்கும் இதைச் சொல்லிக் காட்டுவாங்கன்னு பயந்து போய்...

மாமியார்: ஒருமித்த கருத்துன்னு எழுதிட்ட.

மருமகள்: கேக்கும் நானும் ஒருமித்துத்தான் இருந்தோம்.

மாமியார்: சிரிக்காத, எனக்கும் வருது... அப்ப அந்த இருபது பேரை யாரு நகர்த்தினது? நம்ம கிளாஸ் பசங்க காத்தடிச்சாக்கூட நகர மாட்டாங்களே.

மருமகள்: அங்க பாருங்க. உங்க பிள்ளை வர்றார்.

மகன்: அம்மா, ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க? பெஞ்சுல இப்படி ஒட்டிக்கிட்டு உக்காந்து நான் பாத்ததே இல்லையே.

மாமியார்: நீ ஏண்டா ஆபீஸ் போகல?

மகன்: பிரின்சிபாலைப் பாக்கணும்.

மருமகள்: எதுக்குங்க?

மகன்: ஒரு விஷயம் சொல்லணும். ராத்திரி பூரா தூக்கம் வரல.

மருமகள்: குறட்டை வந்துதே.

மகன்: அது கவலைக் குறட்டை... நேத்து நாற்காலி விஷயத்துல யாரோ ரெண்டு லேடீஸ் மாட்டிக்கிட்டாங்களாம். பாவம், அவங்களைப் படிப்பை விட்டே நிறுத்திடுவாங்கன்னு பேசிக்கிறாங்க.

மாமியார்: அந்த ரெண்டு லேடீஸ் எப்படி இருப்பாங்கன்னு நினைக்கிற?

மகன்: தெரியல. யாரோ அப்பாவிங்க.

மருமகள்: நாங்கதான்.

மகன்: ...எது?

மாமியார்: அந்த அப்பாவிங்க.

மகன்: ஐயோ. அம்மா, நீங்க செய்முறைன்னு சொன்னது இதுவா? நான் ஏதோ பேச்சுப் போட்டின்னு நினைச்சேனே.

மருமகள்: முழிக்கிற முழியே சரியில்ல. என்ன பண்ணீங்க?

மகன்: ஒண்ணும் பண்ணல. பரீட்சைக்கு அரை மணி முன்னாடியே வந்துட்டேன். மரத்தடியில இருபது பேர் சும்மா உக்காந்திருந்தாங்க. ‘என்ன தம்பி’ன்னு கேட்டேன். ‘நாற்காலி தூக்கணுமாம், சாப்பாட்டு ஹால் வரைக்கும் யாரு நடக்கிறது’ன்னாங்க.

மாமியார்: நீ என்ன சொன்ன?

மகன்: ‘அவ்வளவு தூரம் எதுக்கு? பக்கத்து ஹால்ல இருக்கே’ன்னேன்.

மருமகள்: அது உங்க பரீட்சை ஹால்.

மகன்: ஆமா.

மருமகள்: தெரிஞ்சேவா?

மகன்: முதல் நாற்காலியை நான்தான் தூக்கினேன். தோள்ல வெச்சுக்கிட்டு நடந்தேன். திரும்பிப் பாத்தா இருபது பேரும் ஆளுக்கொண்ணு தூக்கிக்கிட்டுப் பின்னாடி வர்றாங்க. எனக்கே புல்லரிச்சுப் போச்சும்மா.

மாமியார்: விசிலும் இல்லாம...

மருமகள்: ஓட்டும் இல்லாம...

மாமியார்: நம்ம புத்தகத்துல இதுக்கு என்ன பேருடி?

மருமகள்: அது நாலாவது பாடமா இருக்கும் அத்தை. இன்னும் நடத்தல... இருங்க. ஏங்க, உங்க நாற்காலியை நீங்களே ஏன் தூக்கினீங்க? மூணு மாசம் படிச்சீங்களே?

மகன்: லைப்ரரிக்குப் போனேன்.

மருமகள்: போய்?

மகன்: அங்க ஃபேன் நல்லா ஓடும்.

மாமியார்: டேய்.

மகன்: ஒரு பக்கம்கூடப் படிக்கலம்மா. புத்தகத்தைத் திறந்தா ஏழு வருஷம் தெரியுது. ஹால் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிட்டேன். நாலு நாள் கிடைச்சா படிச்சுடலாம்னு தோணிச்சு... உங்க தலையில விடியும்னு தெரியாது. நான் உள்ள போய் ஒத்துக்கிறேன்.

மருமகள்: ஒத்துக்கிட்டா உங்களைத் திங்கட்கிழமை உக்கார விடுவாங்களா?

மகன்: மாட்டாங்க.

மாமியார்: அப்ப வாயை மூடு. எனக்கு இந்த வயசுல டிகிரி இல்லேன்னு யாரு அழறா?

மருமகள்: நீங்க இருங்க அத்தை, நான் போறேன். எனக்குப் பல் கிளினிக் வேலை எப்படியும் இருக்கு.

மாமியார்: தலைவர் நான்.

மருமகள்: அட்டை கழண்டு போச்சுன்னீங்க.

மாமியார்: இந்தா, குத்திக்கிட்டேன் பாரு.

அட்டெண்டர்: ஐயா கேக்கிறார். நேத்து அந்த இருபது பேருக்குத் தலைவர் யாரு?

மாமியார்: நான்தான்.

மருமகள்: இல்லீங்க, நான்தான்.

மகன்: ரெண்டு பேரும் இல்ல சார். நான்...

மாமியார்: அவனுக்கு உடம்பு சரியில்ல. என்னைக் கூட்டிட்டுப் போங்க. என்ன தண்டனைன்னாலும் எனக்குத்தான்.

அட்டெண்டர்: தண்டனையா? யாருக்கும்மா? ஐயாவுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்... நாற்காலி தூக்கினவங்க பேரை இந்த அறிக்கை தவிர வேற யார்கிட்டயாவது எழுதிக் கொடுத்திருக்கீங்களான்னு. அவர் போன மாசம்தான் இங்க மாறி வந்தார், இந்தத் தம்பிக்கு ஆள் அடையாளம் தெரியல. ‘சார், சும்மாதானே நிக்கிறீங்க, இந்தப் பக்கம் பிடிங்க’ன்னு தம்பி சொன்னதும் ஐயாவும் மூணு நாற்காலி தூக்கிட்டார்.