கடைசி ஆள் தாண்டும்போது

— ஏன் போனே எடுக்கலன்னு கேட்டல்லக்கா? உன் தம்பி குட்டையன்தான் பேசறேன். இருபத்திமூணு வயசு, கழுதை மாதிரி வளந்தாச்சு. ஆனா இப்போ மாமா ரூம்ல, மேல்கட்டில்ல, போர்வைக்குள்ள கிடக்கறேன். டைப் அடிக்க வரல. அதான் பேசறேன், போனே எழுதிக்கும். காலையில எங்க சைக்கிள் கூட்டத்துல...

— யாருகிட்டடா பேசற?

— ஐயோ! மாமா, நீங்களா? போலீஸோன்னு நெனச்சேன். அக்காவுக்குத்தான்.

— உங்கக்காவுக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். ஊருல எம்புள்ளைங்கள வச்சிக்கிட்டு அவ அழறதுக்கா? அணைச்சிட்டு கீழ எறங்கு மாப்ள. என்ன மூஞ்சி இது, பேயறஞ்ச மாதிரி?

— மாமா, நான் ஒரு மனுஷனைக் கொன்னுட்டேன் போல.

— அட விடுடா. கரப்பான்பூச்சியப் பாத்தாலே கட்டில் மேல ஏறுற ஆளு நீ.

— சத்தியமா மாமா. எங்க கேப்டன். எனக்கு இந்த சைக்கிளையே குடுத்த பெரியவர். பாலத்துல இருந்து எறங்குற முக்குல, சிக்னல்ல அடிபட்டுட்டாரு. ஆஸ்பத்திரில நினைவில்லாம கிடக்கறாரு.

— அந்தத் தண்ணிய எடு. ... ம், சொல்லு.

— எங்க கூட்டத்துல சட்டம்னா சட்டம் மாமா. ஆளே இல்லாத ரோடுன்னாலும் சிவப்புன்னா நிப்போம். நடக்கறவங்க முன்னால இருந்தா மெதுவா மணியடிச்சு, 'கொஞ்சம் வழி'ன்னு கேட்டுதான் போவோம். முன்னால போறவன் 'குழி'ன்னு கத்தலாம், 'நில்லு'ன்னு கத்தலாம். 'வரலாம்'னு மட்டும் கத்தவே கூடாது. அவன் போனப்ப காலியா இருந்த ரோடு, பின்னால வர்றவனுக்கும் காலியா இருக்குமா? அவங்கவங்க கண்ணால பாத்துதான் வரணும்.

— நீ கத்தினியா?

— இன்னைக்குத்தான் மொதல் தடவையா என்னை முன்னால விட்டாங்க. பெரிய மனுஷன் மாதிரி 'வரலாம், வரலாம்'னு கத்திட்டேன். மரியாதைன்னு நெனச்சு மாமா! நான் தாண்டும்போது பச்சை. கேப்டன் கடைசி ஆளு. அவர் தாண்டும்போது மாறிடுச்சோ என்னவோ. என் குரலை நம்பி வந்திருப்பாரு. பின்னால டமார்னு சத்தம். ஏதோ வேனு, நிக்காமப் போயிடுச்சு.

— வேனை... யாராவது பாத்தாங்களா?

— வெள்ளைன்னு மட்டும் சொல்றாங்க. ஊருல பாதி வேன் வெள்ளைதானே. போலீஸ் ஒரே கேள்விதான் கேக்குது, சிக்னல் யாருக்கு என்ன நிறம்னு. நாளைக்கு என்னை வரச் சொல்லியிருக்காங்க. நான்தான் சிவப்புல வரச் சொன்னேன்னு ஒத்துக்கப்போறேன் மாமா. உள்ள வைப்பாங்களா, விசாவை ரத்து பண்ணி, மூட்டை கட்டி ஊருக்கு அனுப்புவாங்களா?

— ஒண்ணையும் ஒத்துக்காத. வாயத் தொறந்தா ரெண்டு பேர் பொழப்பும் போச்சு.

— எப்படி மாமா? அவரோட பொண்ணு என் கையப் புடிச்சுக்கிட்டு கேக்கறாங்க. எங்கப்பா சிக்னலை மீறவே மாட்டாரே, இது எப்படி நடந்துச்சுன்னு.

— அட விடுடா, அவரு எங்க மீறினாரு? வண்டி நின்னுடும்னு நம்பி, கையத் தூக்கி சிரிச்சிக்கிட்டுல்ல வந்தாரு.

— மாமா.

— என்ன?

— கை தூக்கறது அவர் பழக்கம். நிக்கற வண்டிக்கெல்லாம் நன்றி சொல்லுவாரு. ஆனா அந்த நேரத்துல எங்கள்ல ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. நானும் உங்ககிட்ட சொல்லவே இல்லையே.

— யாரோ சொன்னாங்கடா. கடையில.

— உங்க வெள்ளை வேன் எங்க மாமா? ஜன்னல் வழியா பாத்தேன், எப்பவும் நிக்கற எடத்துல காணோம்.

— கத்தாத. பக்கத்து ரூம்ல ஆள் இருக்கு.

— பச்சையா, சிவப்பா? அதை மட்டும் சொல்லுங்க.

— ராத்திரி பூரா ஓட்டினதுல கண்ணு சொருகிடுச்சுடா. முழிச்சுப் பாத்தா அந்தக் கை. அந்தச் சிரிப்பு. கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ள... உன் மேல தப்பில்ல மாப்ள. அவருக்குப் பச்சை. எனக்குத்தான் சிவப்பு.

— வாங்க, இப்பவே ஸ்டேஷனுக்குப் போயிடலாம். நானும் கூட வர்றேன்.

— போயிட்டு? உங்கக்காவுக்கு யார் பதில் சொல்றது? எம்புள்ளைங்க மூஞ்சில எப்படிடா முழிப்பேன்? தள்ளு, கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வரேன். அந்தப் போனை அப்பவே அணைச்சிட்டல்ல?

— அணைச்சிட்டேன் மாமா.

— கதவைச் சாத்திக்கோ.

— அக்கா, செருப்புகூடப் போடாம எறங்கிப் போறாரு. போனை அணைன்னு அவர் சொன்னப்போ பயத்துல மறந்துட்டேன், இப்போ அணைச்சிட்டேன்னு பொய் சொல்லிட்டேன். பேசினது பூரா இதுல இருக்கு, ஒரு வார்த்தைகூட அழிக்காம அனுப்பறேன். படிச்ச ஒடனே அவருக்குப் போன் பண்ணி ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லுக்கா. நீ சொன்னா கேப்பாரு.