எழுநூறு மில்லி

பதினேழு வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நான் அதிகம் செய்தது கழித்தல் கணக்குதான், ஐயா. வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டு, ஈரலில் உள்ள புற்றுக்கட்டியை எடுக்கும்போது ரத்தம் கசியும். சலைன் விட்டுக் கழுவிக் குழாயால் உறிஞ்சுவார்கள். பாட்டிலில் சேர்வது எல்லாமே சிவப்பாகத்தான் இருக்கும். உறிஞ்சியதில் ஊற்றியதைக் கழித்தால் மீதி ரத்தம். அந்த எண்ணைச் சொல்வது என் வேலை.

எண்ணூறு மில்லியைத் தாண்டினால் உடனே வயிற்றைத் திறக்க வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டும். நல்ல விதி; பல பேரைக் காப்பாற்றியிருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியின் தரக் கமிட்டி அதற்கு ஒரு வால் ஒட்டியிருந்தது. ஒரே மாதத்தில் மூன்று பேருக்கு எண்ணூறு தாண்டினால், விசாரணை முடியும்வரை துளை ஆபரேஷனே கிடையாது. அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு ஆகியிருந்தது.

என் வீட்டுக்காரர் பகலவன் தண்டையார்பேட்டையில் லேத் ஓட்டுபவர். அவருக்கும் ஈரலில் கட்டி. அடுத்த வாரம் வியாழக்கிழமை அவர் முறை என்று குறித்திருந்தார்கள். ஏற்கெனவே ஒரு மாரடைப்பு வந்த உடம்பு. பெரிய ஆபரேஷனைத் தாங்குவது சந்தேகம் என்று இதய டாக்டர் சொல்லியிருந்தார். “வவுத்த கிழிச்சா நான் தாங்கமாட்டேன்மே. ஓட்ட போட்டே எடுத்துர சொல்லு” என்று தினமும் என் கையைப் பிடித்துக்கொள்வார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மேஜையில் படுத்தவர் குப்பம்மா. காத்திவாக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கையால் இறால் பிடிப்பவர். “பத்து நாள்ல மறுபடி ஆத்துல எறங்கிடலாமா சிஸ்டர்? சும்மா குந்திகினு இருந்தா எனக்கு பைத்தியம் புட்ச்சிரும்” என்றார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பதினொன்றரைக்கு டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “எவ்வளவு சிஸ்டர்?” என்று கேட்டார். பாட்டிலில் ஆயிரத்து அறுநூறு. ஊற்றிய சலைன் ஐந்நூறு. நான் “அறுநூறு” என்றேன். கசிவு தானாக நிற்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றும் நிற்கும் என்று நம்பினேன்.

நிற்கவில்லை. பிரஷர் இறங்கியது. தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வைத்தால் கொஞ்சம் இறங்குவது வழக்கம் என்பதால் முதலில் யாரும் பதறவில்லை. மயக்க டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, “எண்ணிக்கை சரிதானே?” என்றார். “எழுநூறு” என்றேன். உண்மையில் ஆயிரத்து எழுநூறு. பன்னிரண்டே முக்காலுக்குக் குப்பம்மாவின் இதயம் நின்றது.

கேமராவுக்கு இடம் கிடைக்க வயிற்றுக்குள் விட்ட வாயு ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்தியிருக்கும் என்று டாக்டர் முடிவு செய்தார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. எழுநூறு என்பது எண்ணூறுக்குள்தானே, அதனால் துளை ஆபரேஷன் பட்டியல் நிற்கவில்லை. வெளியே குப்பம்மாவின் மகள் மலர், “யக்கா, நல்லா பேசிக்கினுதானே உள்ள போச்சு, இன்னாக்கா ஆச்சு?” என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகை நிஜம்.

அதே மலர்தான் பிறகு கேஸ் கட்டைக் கேட்டு வாங்கி, ஹீமோகுளோபின் அடியோடு இறங்கியிருந்த கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டி, தன் அம்மா உடம்பிலிருந்த ரத்தமெல்லாம் எங்கே போனது என்று கேட்டிருக்கிறாள். கெட்டிக்காரப் பெண்.

அவசரத்தில் கூட்டல் கழித்தல் தப்பியிருக்கலாமே என்று, விசாரிக்க வந்த நீங்களே எனக்கு வழி எடுத்துக் கொடுக்கிறீர்கள். வேண்டாம் ஐயா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. காலி சலைன் பாட்டில்களை எண்ணினால் கணக்கு ஒத்துப்போக வேண்டும் அல்லவா? அதற்காக அறுநூறு என்றபோது ஒன்று, எழுநூறு என்றபோது ஒன்று என்று இரண்டு அரை லிட்டர் சலைன் பாட்டில்களை உடைத்துக் கை கழுவும் தொட்டியில் ஊற்றினேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை பகலவனை உள்ளே கொண்டுபோனார்கள். சொந்தக்காரர்கள் தியேட்டரில் நிற்கக்கூடாது. கணக்குப் பார்க்க எங்கள் தியேட்டரின் இன்னொரு நர்ஸ் மகிமாதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். சிடுமூஞ்சி, டாக்டர் கத்தினாலும் ஒரு மில்லி குறைக்கமாட்டாள். “உள்ளத உள்ளபடி சொல்லுடி” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பாதியிலேயே அவள் எண்ணூற்று ஐம்பது என்று சொல்லிவிட்டாள். டாக்டர் உடனே வயிற்றைத் திறந்தார், ரத்தம் ஏற்றினார். பகலவன் தாங்கிக்கொண்டார். இப்போது வீட்டில் கஞ்சி குடிக்கிறார்.

மகிமா தங்கமான பெண், ஐயா. வேறு யாராவது அங்கே நின்றிருந்தால் அவரைக் கொன்றிருப்பார்கள்.