வீடு தேடி வந்த பெட்டி

— டீ ஆறுது, குடிங்க. ராத்திரி நான் வந்தப்ப தூங்கற மாதிரி படுத்திருந்தீங்க. இப்ப விடிஞ்சிடுச்சு, இனிமே அது நடக்காது.

— நிஜமாவே தூங்கிட்டேன், சைரா. மாத்திரை போட்டிருந்தேன். அவ்வளவுதான் விஷயம்.

— மாத்திரை தீர்ந்து, போன வாரமே டப்பாவைத் தூக்கிப் போட்டாச்சு.

— சரி விடு. தலையணையைக் கொஞ்சம் ஏத்து. முதுகு இழுக்குது.

— ஏத்தறேன். ஏத்திக்கிட்டே சொல்றேன், கேளுங்க. நேத்து பள்ளிக்கூடத்துல ஓட்டுப் போட்டு முடிச்சுக் கதவைச் சாத்தினதும் முதல்ல எதைத் திறந்தாங்க தெரியுமா? பெரிய பெட்டியை இல்ல. படுக்கையில கெடக்கறவங்களுக்காக வீடு வீடா எடுத்துட்டுப் போனாங்களே, அந்தச் சின்னப் பெட்டியை.

— அதைத் தனியாவா எண்ணுவாங்க?

— தனியாத்தான். கிராம சபைத் தேர்தல்னாலும் சட்டம் அப்படித்தானாம். மேஜை மேல கவுத்தாங்க. மொத்தமே ஆறு தாள். அதை வீடு வீடா எடுத்துட்டுப் போன கெரெஸே ஒவ்வொண்ணா விரிச்சுக் காட்டினா. அப்தில்தா. அடுத்ததும் அப்தில்தா. ஆறும் என்னை எதிர்த்து நின்ன அப்தில்தாவுக்கு. என் பேருக்கு ஒண்ணுகூட இல்ல.

— எல்லாருமே கிழடுங்க. அப்தில்தா கம்பளி குடுத்திருப்பான்.

— அஞ்சு பேர் கிழடு. ஆறாவது ஆளு நீங்க. நான் கேக்கறேன், அந்த நேரம் எனக்கு எப்படி இருந்திருக்கும்? பின்வரிசையில எவனோ, ‘கட்டின புருஷன்கிட்டயே ஓட்டு வாங்கத் தெரியல, இவ எங்கேர்ந்து நமக்குத் தண்ணிக் குழாய் வாங்கித் தரப்போறா’ன்னான். ஊரே சிரிச்சுது. அப்தில்தா பொண்டாட்டி எந்திரிச்சு வந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தா. சிரிச்சதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். அதைத்தான் தாங்க முடியல.

— தாள் எங்கயோ மாறியிருக்கும்.

— மாறித்தான் இருக்கு. யாரு மாத்தினதுன்னும் தெரிஞ்சு போச்சு. கெரெஸ்தான்.

— கெரெஸா?

— அவதான். உங்களுக்கு ஊசி போட ஆள் கிடைக்காம நான் முழிச்சப்ப, முழங்கால் பனியில ஓடி வந்தாளே, அதே கெரெஸ். எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. அத்தனை பேர் முன்னாடி அவளைக் கன்னத்துல அறைஞ்சேன். கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்ல அவ. அப்புறம் போலீஸ் ஜீப் வந்து ஏத்திட்டுப் போச்சு.

— அவளுக்குக் கைக்குழந்தை இருக்கே.

— மாமியார்கிட்ட விட்டுட்டுப் போயிருக்கா. பால் குடிக்கிற புள்ள. அது அழுதது ராத்திரி பூரா இங்க கேட்டுச்சு. உங்களுக்குக் கேக்கலையோ? ஆமா, தூங்கிட்டீங்க.

— கேட்டுச்சு.

— இன்னிக்கு உங்ககிட்ட வாக்குமூலம் வாங்க வருவாங்க. பெருசா ஒண்ணும் வேணாம். ‘என் பொண்டாட்டிக்குத்தான் போட்டேன்’னு சொல்லுங்க, போதும். கையெழுத்துப் போட வராட்டி கட்டைவிரலை வைக்கச் சொல்வாங்க.

— கட்டைவிரலைத்தான் நேத்தும் வச்சேன். மெஷின் ரெண்டு தடவை சிவப்பு காட்டுச்சு. கெரெஸ் விரலைத் துடைச்சு வச்சா, பச்சை. திரையில என் மூஞ்சி வந்துச்சு, லாரி ஓட்டின காலத்து மூஞ்சி. ‘சந்தேகமே இல்லண்ணே, நீங்கதான்’னு சிரிச்சா. கசக்ஸ்தான்ல அடையாள அட்டையை நீட்டினாப் போதும்னு அங்க இருக்கற உன் தங்கச்சி சொல்லுவா. இங்க ரேகை, முகம் எல்லாம் பார்த்தாத்தான் விடறாங்க. அத்தனையும் பார்த்துட்டு நான்தான்னு சொல்லுச்சு மெஷின். நான் எப்பேர்ப்பட்டவன்னு அதுக்கு என்ன தெரியும்?

— என்ன சொல்ல வர்றீங்க?

— அப்தில்தாவுக்குப் போட்டது நான்தான், சைரா.

— அந்தப் பொண்ணு மேல பாவப்பட்டுச் சொல்றீங்க.

— இல்ல. பெட்டியோட அவகூட வந்த ஆளு முற்றத்துல நின்னு சிகரெட் பிடிச்சான். என் கையில பேனா நிக்கலைன்னு கெரெஸ் தாளுக்கு அடியில ஒரு அட்டையைப் பிடிச்சுக்கிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. குறி போட்டுட்டேன். மடிக்கத்தான் முடியல. அவ மடிச்சப்ப கண்ணுல பட்டுடுச்சு. ‘அண்ணே, தவறிப் போட்டுட்டீங்களா? வேற தாள் வாங்கிக்கலாம்’னா. சரியாத்தான் இருக்கு, பெட்டியில போடுன்னேன். என் மூஞ்சியைப் பார்க்காமலே கிளம்பிட்டா.

— எதுக்கு அப்படிச் செஞ்சீங்க?

— கேக்காதே.

— நான் கேக்கறேன். சொல்லுங்க.

— இந்த மாசம் பூரா வீடு வீடாப் போனே. வாசல்ல நின்னு யாரோடயாவது பேசிச் சிரிப்பே. இந்த ரூமுக்குள்ள கால் வச்சதும் அந்தச் சிரிப்பு நின்னுடும். கணவாயில லாரி கவுந்ததுலேர்ந்து இந்தக் கூரையைப் பார்த்துட்டுக் கெடக்கறவன் நான். நீ ஜெயிச்சா கூட்டம், ஆபீஸ், நரின் டவுனுக்குப் போக்குவரத்து. தோத்தா அடுப்படியில இருப்பே, கூப்பிட்டா வருவே. அவ்வளவுதான் விஷயம். சொல்லும்போதே நாக்கு கூசுது.

— நான் தோக்கணும்னு நினைச்சிருக்கீங்க.

— எல்லாத் தாளையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்துடுவாங்க, எவனுக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். ஊர் நடுவுல உன்னை நிக்க வச்சுச் சிரிப்பாங்கன்னு தோணவே இல்ல. ஜெயிச்சியா?

— ஜெயிச்சேன். அதைக் கேக்க உங்களுக்கு இவ்வளவு நேரமாச்சு.

— இந்தப் பக்கம் பார்க்காதே, சைரா. எனக்குத் திரும்பிப் படுக்கக்கூட வராது. போலீஸ் வரட்டும், உள்ளதைச் சொல்லிடறேன். ஊர் காறித் துப்பினாலும் சரி. ஆனா ஒண்ணு புரியல. இந்த ரூம்ல நாங்க ரெண்டு பேர்தான் இருந்தோம். அந்தப் பொண்ணு மேல பழி போட்டது எவன்? அப்தில்தாவா?

— ஒருத்தரும் போடல. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டு இருந்தப்ப, அவளாத்தான் எந்திரிச்சு, ‘சிரிக்காதீங்க, அண்ணன் அக்காவுக்குத்தான் போட்டாரு, தாளை மாத்தினது நான்’னு சொன்னா.